கத்தியில்லாத அழகு சிகிச்சை: சென்னையில் முதல்முறை போகிறவர்களுக்கு

அண்ணா நகர், தி.நகர், வேளச்சேரி என்று எந்த மெயின் ரோட்டில் நடந்தாலும் நாலைந்து ஸ்கின் கிளினிக் பலகையாவது கண்ணில் படும். ஒன்றில் ஆபரேஷன் இல்லாமல் தொப்பை குறையும் என்று இருக்கும். அடுத்ததில் பத்து வயது குறையும் என்று இருக்கும். மூன்றாவதில் ஆடித் தள்ளுபடி. உள்ளே நுழைந்தால் வாயில் நுழையாத மெஷின் பெயர்களாக அடுக்குவார்கள். எதற்கு எது, யாரிடம் போவது, எவ்வளவு நம்பலாம் என்று தெரியாமல் முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷினை முடிவு செய்துகொண்டு கிளினிக் தேடக் கூடாது. உங்களுக்கு இருப்பது என்ன என்று முதலில் தெரிய வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத் தகுதியுள்ள டாக்டர் வேண்டும். மெஷின் மூன்றாவது இடம்தான்.

முதல் படி: கிள்ளிப் பாருங்கள்

நேராக நின்று தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பாருங்கள். கைக்குள் மெத்தென்று ஒரு மடிப்பு வருகிறதா? அது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. கத்தியில்லாத சிகிச்சைகள் எல்லாம் இதை மட்டும்தான் தொடும். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு இருக்கிறது, ஆனால் விறைப்பாக இருக்கிறது, கிள்ளினால் கைக்கு ஒன்றும் வரவில்லை என்றால் கொழுப்பு உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிறது. நம் ஊர் ஆண்களின் தொப்பையில் இந்த ரகம் நிறைய. வெளியிலிருந்து குளிரோ சூடோ வைக்கிற எந்த மெஷினும் அங்கே போய்ச் சேராது. சாப்பாடு, நடை, தூக்கம், தேவைப்பட்டால் மருந்து, இவைதான் வழி.

பிரசவத்துக்கு அப்புறம் தொப்பை போகவே இல்லை என்று வருகிற பெண்களுக்கு இன்னொரு சோதனை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். வயிற்றின் நடுக்கோட்டில் மேடு போல எழும்பினாலோ, விரல்கள் உள்ளே பதிகிற பள்ளம் தெரிந்தாலோ, வயிற்றுத் தசை இரண்டும் விலகி இருக்கலாம். கொழுப்பைக் கரைத்து இதைச் சரிசெய்ய முடியாது. பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். தொப்புளில் குடலிறக்கம் இருந்தால் வயிற்றில் எந்த மெஷினும் வைக்கக் கூடாது.

அப்புறம் எடை. கொழுப்பு சிகிச்சைகள் உருவத்தைத் திருத்துமே தவிர எடையைக் குறைக்காது. சிகிச்சை முடிந்து எடை மெஷினில் ஏறினால் முள் அசைந்திருக்காது. ஏற்கெனவே ஓரளவு சரியான எடையில் இருந்துகொண்டு, இடுப்போரச் சதையோ ரெட்டைத் தாடையோ மட்டும் பிடிவாதமாக நிற்கிறது என்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். இந்தியர்களுக்கு பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எண்) 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. இந்த எல்லைகளை வெகுவாகத் தாண்டியவர்கள் ஸ்கின் கிளினிக்குக்குக் கட்டும் பணத்தில் முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, சுகர், தைராய்டு, கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்துவிடலாம். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற ஊசி மருந்து இந்தியாவுக்கு வந்ததிலிருந்து எடை குறைக்கும் ஊசி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. பியூட்டி கிளினிக்கில் பேக்கேஜோடு சேர்த்துப் போட்டுக்கொள்கிற விஷயம் இல்லை.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால் அதை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் வைத்துத் தேய்க்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. பார்லரில் ப்ளீச்சும் போடுவார்கள். பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிற பெண்களிடம் சாதாரணமாகப் பார்க்கலாம். பீல் (அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிப்பது) போட்டால் கொஞ்சம் வெளுக்கும், காரணம் உள்ளே அப்படியே இருந்தால் திரும்ப வரும். சுகர் டெஸ்ட் முதலில், பீல் அப்புறம்.

இரண்டாவது படி: முகத்தில் இருப்பது எது?

கண்ணாடி முன்னால் நின்று "முகம் டல்லாக இருக்கிறது" என்று சொன்னால் போதாது. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நின்று, ஃபில்டர் இல்லாமல் போட்டோ எடுங்கள். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் வரைபடம் போலப் பழுப்பாகப் படர்ந்திருந்தால் அது மங்கு. பரு வந்து போன இடத்தில் புள்ளியாகக் கறுத்திருந்தால் அது வேறு. தோல் குழிந்திருந்தால் தழும்பு. சிரிக்கும்போது மட்டும் கோடு விழுகிறதா, சும்மா இருக்கும்போதும் நிற்கிறதா என்பதும் முக்கியம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

நம் தோல் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தோல் வெயிலுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் ஒரு வகைப்பாடு செய்தார். இப்போது அதில் ஆறு வகை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நான்காவது, ஐந்தாவது வகைக்குள் வருவோம். நிறமி அதிகம் என்பதால் சுருக்கம் தாமதமாகத்தான் விழும். ஆனால் சூடோ உரசலோ கொஞ்சம் மிஞ்சினாலும் தோல் கறுத்துக் காட்டிவிடும். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவில் லேசரை நமக்கு வைத்தால் மங்கு போவதற்குப் பதிலாக இன்னும் கறுக்கும். வெளிநாட்டு வீடியோ பார்த்து அதே சிகிச்சை வேண்டும் என்று கேட்பதில் உள்ள சிக்கல் இதுதான். "என் தோலுக்கு எந்த லேசர், அளவை எப்படிக் குறைத்து வைப்பீர்கள்" என்று கேட்டால் நல்ல டாக்டர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் என்டி-யாக் லேசர் கறுத்த தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஐபிஎல் என்கிற ஒளிச் சிகிச்சையில் நமக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும் முன் வீட்டில் இருக்கிற க்ரீம் டியூபை எடுத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்கிய, முகம் வெளுக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அந்த டியூபில் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் மாதம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து சிவந்து, பரு கிளம்பி, முடி முளைத்து, நிறுத்தினால் எரியும். 2018-இலேயே இந்த வகை க்ரீம்களை டாக்டர் சீட்டில்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இதைப் போட்டுக்கொண்டிருப்பதை டாக்டரிடம் மறைத்துவிட்டு பீலோ லேசரோ செய்துகொண்டால் புண்ணாகும். டியூபையே கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

மூன்றாவது படி: ஆளைப் பாருங்கள், அலங்காரத்தை அல்ல

இந்தப் படியில் சோம்பல் படாதீர்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் தோல் மருத்துவர் இல்லை. எம்.பி.பி.எஸ்-க்கு மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.டி.வி.எல்., டி.என்.பி. என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.சிஎச். "காஸ்மெட்டாலஜிஸ்ட்", "ஏஸ்தட்டிக் ஃபிசிஷியன்" என்று மட்டும் போட்டிருந்தால் அது சில வாரச் சான்றிதழாகவும் இருக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கவுன்சில் அலுவலகம் அரும்பாக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது.

இடத்துக்கும் பதிவு வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்தது, 2018-இல் விதிகள் வந்தன. அதன்படி வாங்கிய பதிவுச் சான்றிதழ் வரவேற்பறையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சுவரில் "சிறந்த கிளினிக்" விருதுகளும் நடிகையோடு எடுத்த போட்டோவும் வரிசையாக இருந்து, இந்தச் சான்றிதழ் மட்டும் இல்லையென்றால் கொஞ்சம் யோசியுங்கள். 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். அழகு சிகிச்சைதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விளம்பரத்தையும் ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் 1954 என்று ஒன்று இருக்கிறது. உடல் பருமனை மருந்தால் குணப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்வதே அதில் குற்றம். கியாரண்டி கொடுக்கிறவரிடமிருந்து ஒதுங்கிப் போவது நல்லது.

செலவுக்குப் பயந்து தோல் டாக்டரையே பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டு உட்கார வேண்டும், கூட்டம் இருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு என்ன பிரச்சினை என்ற பதில், எதையும் விற்க வேண்டிய அவசியம் இல்லாத டாக்டரிடமிருந்து கிடைக்கும். தனியாரிடம் போவதாக இருந்தாலும் இப்படி ஒருமுறை காட்டிவிட்டுப் போனால் பேக்கேஜ் பேச்சில் மயங்க மாட்டீர்கள்.

நான்காவது படி: கன்சல்டேஷன்

இரண்டு பேரைச் சந்திப்பீர்கள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் பேக்கேஜ் பேசி விற்கும் கவுன்சலர். பெரிய கிளினிக்குகளில் டாக்டர் ஐந்து நிமிடம், கவுன்சலர் நாற்பது நிமிடம் என்று இருக்கும். அந்த விகிதமே நிறையச் சொல்லிவிடும்.

தோழி ஒருத்திக்குத் துணையாக ஒரு ஸ்லிம்மிங் சென்டருக்குப் போயிருந்தேன். இலவச டெமோ என்றார்கள். வயிற்றில் ஜெல் தடவி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சூடான பட்டை கட்டி அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். அதற்கு முன்னால் இன்ச் டேப்பைத் தொப்புளுக்கு மேல் தொளதொளவென்று வைத்து அளந்தார்கள், இவள் மூச்சை விட்டபடி நின்றாள். முடிந்ததும் "மூச்சை உள்ளே இழுங்க மேடம்" என்று சொல்லி, டேப்பை சதையில் பதியும்படி இழுத்து, ஒரு விரற்கடை கீழே வைத்து அளந்தார்கள். ஒன்றரை இன்ச் குறைந்துவிட்டது! வியர்வையில் போன தண்ணீர் இரண்டு டம்ளர் மோர் குடித்தால் திரும்ப வந்துவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை. உடனே கார்டைத் தேய்த்தால் பாதி விலை, இன்று மாலை வரைதான் என்றார்கள். இவள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டாள். இப்படி எழுந்து வரத் தெரிந்திருப்பது பெரிய திறமை. முதல் நாள் பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வேன்.

அளப்பதாக இருந்தால் நீங்களே வீட்டில், காலையில் வெறும் வயிற்றில், அதே உயரத்தில், அதே டேப்பில் அளந்து குறித்து வையுங்கள். போட்டோவும் அதே இடம், அதே வெளிச்சம்.

டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை: கர்ப்பமா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா, பேஸ்மேக்கரோ உடம்பில் உலோகத் தகடோ இருக்கிறதா, காப்பர்-டி போட்டிருக்கிறீர்களா, உதட்டில் அடிக்கடி அக்கி வருமா, காது குத்திய இடத்திலோ நெஞ்சிலோ தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறதா, பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, குளிர் பட்டால் விரல் நீலம் பாரிக்குமா. அவர்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். கேட்கவே இல்லை என்றால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: மெஷினை இயக்கப் போவது டாக்டரா, டெக்னீஷியனா? எத்தனை சிட்டிங், எவ்வளவு இடைவெளி? எனக்கு இதில் அதிகபட்சம் எவ்வளவு மாற்றம் வரும்? சரியாக வராமலும் போகுமா? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுதி வாங்குங்கள். பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டுவதைவிட ஒவ்வொன்றாகக் கட்டுவது கொஞ்சம் விலை கூடினாலும் லாபம்தான்.

விலையை ஒப்பிடும்போது எதை வைத்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். போடாக்ஸ் யூனிட் கணக்கு, ஃபில்லர் மில்லி கணக்கு, ஹைஃபு ஷாட் கணக்கு, கொழுப்பை உறைய வைப்பது ஒரு இடத்துக்கு ஒரு கப் என்ற கணக்கு (இவை எல்லாம் என்ன என்று அடுத்த படியில் வரும்). "வயிறு முழுக்க இவ்வளவு" என்றால் எத்தனை கப் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி உள்ளடங்கியதா என்பதையும் கேளுங்கள். அழகுக்காகச் செய்வதை மெடிக்கல் இன்சூரன்ஸ் தராது.

ஐந்தாவது படி: எந்தச் சிகிச்சை என்ன செய்யும்?

கொழுப்பில் தொடங்கலாம். கிரையோலிபோலிசிஸ், அதாவது கொழுப்பை உறைய வைப்பது. கூல்ஸ்கல்ப்டிங் என்பது இதில் பிரபலமான பிராண்டு. ஐஸ் சப்பிக்கொண்டே இருந்த குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு வீங்கிப் போவதை 1970-இலேயே டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். தோலைக் கெடுக்காமல் கொழுப்பு அணுக்களை மட்டும் குளிரால் சாகடிக்கலாம் என்ற யோசனையை பாஸ்டனில் மான்ஸ்டைன், ஆண்டர்சன் என்ற இருவர் வளர்த்தெடுத்தார்கள். 2010-இல் இடுப்போரச் சதைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நடப்பது இதுதான். தோல் மேல் ஈரமான ஜெல் துணி ஒன்றைப் போடுவார்கள். தோலைக் குளிரிலிருந்து காப்பாற்றுவதே அதன் வேலை, அது இல்லாமல் வைத்தால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். அதன் மேல் கப்பை வைத்ததும் சதையை உள்ளே இழுக்கும். முதல் ஐந்து, பத்து நிமிடம் கடுகடுவென்று குத்தும், அப்புறம் மரத்துவிடும். 35 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை படுத்து போன் பார்க்கலாம். கப்பை எடுக்கும்போது சதை உறைந்து செவ்வகமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை இரண்டு நிமிடம் பிசைந்துவிடுவார்கள். மொத்தத்தில் அதிகம் வலிப்பது இந்த இரண்டு நிமிடம்தான். சில நாள் சிவப்பு, கன்றல், சில வாரம் மரமரப்பு. செத்த கொழுப்பு அணுக்களை உடம்பு மெதுவாக அகற்றும் என்பதால் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். கப் வைத்த இடத்தில் உள்ள கொழுப்பு அடுக்கில் சுமார் 20 முதல் 25 சதவீதம் குறையலாம். அன்றைக்கே இன்ச் குறைந்தது என்று யாராவது காட்டினால் டேப்பைப் பாருங்கள்.

அபூர்வமாக நேர்மாறாகவும் நடக்கும். குறைய வேண்டிய இடம் சில மாதம் கழித்து கப்பின் வடிவத்திலேயே தடித்து வளரும். லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற பிரபல மாடல் தனக்கு இப்படி ஆனதாக 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். இதைக் கரைக்கக் கடைசியில் அறுவை சிகிச்சைதான். கையெழுத்துக் கேட்கும் தாளில் இது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ரெட்டைத் தாடைக்கு டியாக்சிகோலிக் அமில ஊசி உண்டு. அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்றது தாடைக்கு அடியில் மட்டும் போடுவதற்கு. போட்டபின் ஒன்றிரண்டு வாரம் தாடை வீங்கி நிற்கும், கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டுக்கொள்ளாதீர்கள். இடம் தவறினால் நரம்பு பாதித்துச் சிரிப்பு கொஞ்ச நாள் கோணலாகும். "கொழுப்பைக் கரைக்கும் ஊசி" என்று பெயர் தெரியாத கலவையை வயிற்றிலும் தொடையிலும் குத்துவது இதுவல்ல. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எழுந்துவிடுங்கள்.

ஹைஃபு என்பது ஒலி அலையைத் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் குவித்துச் சூடாக்குவது. முகத்துக்கு 1.5, 3, 4.5 மி.மீ. ஆழத்தில் வைப்பார்கள். லேசாகத் தொய்ந்த முகத்தை இறுக்கும். பலன் இரண்டு, மூன்று மாதத்தில் வரும். ஏற்கெனவே ஒடுங்கிய கன்னம் உள்ளவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். இருக்கிற கொழுப்பும் போய்விட்டால் முகம் இன்னும் வயதாகத் தெரியும். ரேடியோ அலை சிகிச்சையும் இறுக்கத்துக்குத்தான். இதமான சூடு போதும், பொறுக்க முடியாமல் சுட்டால் உடனே சொல்லிவிடுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கங்க மேடம்" என்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தால் கொப்பளம்தான் மிஞ்சும்.

இப்போது தோல். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மேலோட்டமான பீல். கிளைகாலிக், லாக்டிக், மாண்டெலிக், சாலிசிலிக் அமிலங்களில் ஏதாவது ஒன்றை டாக்டர் தேர்ந்தெடுப்பார். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாலைந்து சிட்டிங். எரிச்சல் சில நிமிடம், உரிதல் சில நாள். செலவும் ஆபத்தும் குறைவு. மங்குக்கு முதலில் க்ரீமும் சன்ஸ்கிரீனும், அப்புறம் பீல், லேசர் கடைசியில். மங்கு சர்க்கரை வியாதி மாதிரி, கட்டுப்பாட்டில் வைக்கலாம், ஒரேயடியாக அனுப்பி வைக்க முடியாது. அடியோடு போய்விடும் என்று சொல்கிறவர் உங்களுக்குச் சரியான ஆள் இல்லை.

பருத் தழும்புக்கு ஒரே மெஷின் என்று எதுவும் கிடையாது. ஊசி குத்தியது போன்ற ஆழமான குழிக்கு அமிலத்தைப் புள்ளி வைப்பார்கள். அலை போன்ற பள்ளத்துக்கு அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுவார்கள். மீதிக்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துவது) அல்லது ஃப்ராக்‌ஷனல் லேசர். எல்லாத் தழும்புக்கும் ஒரே பேக்கேஜைக் காட்டினால் தழும்பை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் பின் ஒரு வாரம் முகம் பொருக்குத் தட்டி இருக்கும். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வாருங்கள். ரத்தத்தை எடுத்துச் சுழற்றி முகத்தில் குத்தும் பிஆர்பி சிகிச்சையில் ஊசியும் குழாயும் உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இதைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது.

போடாக்ஸ் நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் ஊசி. மூன்று முதல் ஏழு நாளில் தெரிய ஆரம்பித்து மூன்று, நான்கு மாதம் நிற்கும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்பப் போடும் ஊசி. ஹையலுரானிக் அமில ஃபில்லராக இருந்தால், பிடிக்கவில்லை என்றாலும் கரைக்க மருந்து உண்டு. அந்த ஹையலுரானிடேஸ் மருந்து கிளினிக்கில் இப்போதே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், பார்வையே கூடப் போகலாம். பாட்டில், சிரிஞ்ச் பெட்டியில் உள்ள பேட்ச் ஸ்டிக்கரை உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள்.

குளுட்டாதியோன் ட்ரிப் வேண்டாம். கலர் ஆவதற்கென்று அந்த ஊசிக்கு இந்தியாவில் அனுமதி கிடையாது. பிலிப்பைன்ஸ் அரசே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மாநிறத்தில் என்ன குறை என்ற கேள்வியை இங்கே விவாதிக்கவில்லை, சிறுநீரகத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: நாள் பார்ப்பது

முகூர்த்தம் பார்ப்பதுபோல இதற்கும் பார்க்க வேண்டும். சென்னையில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரி வெயிலில் பீல், லேசர் வேண்டாம். ஐப்பசியிலிருந்து தை வரை வசதி. வெயில் தணிந்திருக்கும், வேர்வையும் குறைவு.

தை மாதக் கல்யாணம் என்றால் ஆடியிலேயே தோல் டாக்டரைப் பாருங்கள். கொழுப்பு சிகிச்சை ஆவணிக்குள் முடிய வேண்டும். ஹைஃபுவும் அப்படியே. கடைசி பீல் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால். போடாக்ஸ் ஒரு மாதம் முன்னால், திருத்த வேண்டியிருந்தால் நேரம் இருக்கும். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் முகத்தில் வைக்காதீர்கள். நலங்குக்கு மஞ்சள் பூசுவதையும் கணக்கில் எடுங்கள். பீல் போட்ட தோலில் மஞ்சளும் கடலை மாவும் போட்டுத் தேய்த்தால் எரிந்து சிவக்கும். அத்தைமார்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது மணப்பெண்ணின் அம்மா பொறுப்பு.

ஏழாவது படி: அன்றும் அடுத்த நாட்களும்

பீலுக்கும் லேசருக்கும் ஒரு வாரம் முன்பிருந்து ரெட்டினால் க்ரீம், ஸ்க்ரப், ப்ளீச், த்ரெட்டிங், வாக்ஸிங் எல்லாம் நிறுத்துங்கள். காதுக்குப் பின்னாலோ தாடைக்கு அடியிலோ சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு முழு முகத்துக்கு வரச் சொல்லுங்கள். லேசர் என்றால் கண்ணுக்கு மூடி கட்டாயம். மரக்க வைக்கும் க்ரீமை வீட்டிலேயே வாங்கி உடம்பெங்கும் தடவி, தாள் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். மருந்து ரத்தத்தில் ஏறி இதயத்தைப் பாதிக்கும்.

அதன்பின் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30-க்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீள அளவு, வெளியில் இருந்தால் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை. பட்டாணி அளவு தடவுவது போதாது. வண்டியில் போகிறவர்கள் துப்பட்டாவையும் சுற்றிக்கொள்ளுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் நல்லது. உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். மூன்று, நான்கு நாள் ஜிம், நீச்சல், ஆவி பிடித்தல் வேண்டாம்.

எட்டாவது படி: தவறு நடந்தால்

எது சாதாரணம், எது அவசரம் என்று பிரித்துத் தெரிந்திருக்க வேண்டும். லேசான சிவப்பு, வீக்கம், மரமரப்பு சாதாரணம். கொப்பளம், சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஃபில்லர் போட்டபின் தோல் வெளிறினாலோ, வலை போல நீலம் படர்ந்தாலோ, கடுமையாக வலித்தாலோ நிமிடங்கள் முக்கியம்; போட்ட டாக்டரிடம் உடனே. பார்வை மங்கினால் அவரிடம் சொல்லிக்கொண்டே 108-ஐ அழையுங்கள் அல்லது கண் சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இருக்கிறது. ரிசப்ஷனில் "நாளைக்கு வாங்க, சரியாயிடும்" என்றால் காத்திருக்க வேண்டாம்.

அவசரம் இல்லாத கெடுதல் என்றால் தினமும் தேதியோடு போட்டோ எடுங்கள். பில், கையெழுத்திட்ட தாள், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். உங்கள் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான விதி இருக்கிறது. வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். வேறொரு தோல் டாக்டரிடம் காட்டி அவர் பார்த்ததையும் எழுதி வாங்குங்கள்.

டாக்டரின் நடத்தை பற்றிய புகார் மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும். பணம், நஷ்ட ஈடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். மீதி சிட்டிங் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்கிற தகராறுகளில் இதை முதலில் முயன்று பார்ப்பது நல்லது.